பெரிய பழந்துணிக்கு எந்தச் சட்டம்? ஒரு கொடியை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 'ஸ்டார் ஸ்பேங்கிள்ட் பேனர்' என்ற பழைய அமெரிக்கக் கொடி இருக்கிறது. 1914இல் அதற்குப் பின்துணி தைத்தார்கள். அமீலியா ஃபௌலர் என்ற தையல் வல்லுநரும் அவரோடு பத்துப் பெண்களும் சுமார் 17 லட்சம் தையல்கள் போட்டு, கொடி முழுவதையும் ஒரு லினன் துணியோடு வலை போலப் பிணைத்தார்கள். 85 ஆண்டுகள் கழித்து அந்தத் தையல்களை எல்லாம் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. தைத்தவர்களின் கைத்திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தக் கொடி இனி எந்த நிலையில் இருக்கும், அதன் எடையை எது சுமக்கும் என்ற கேள்விதான் காலத்துக்குக் காலம் மாறியது.

பழந்துணிப் பாதுகாப்பில் சட்டம் (வேலை செய்யும்போது துணியை விரித்துத் தாங்கும் அமைப்பு) தேர்வதைத் தளவாடம் வாங்கும் வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். எந்த அளவு உருளை, எத்தனை அடி மேசை, அறைக்குள் நுழையுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதில் எனக்கு உடன்பாடில்லை. துணி கடைசியில் தொங்கப் போகிறதா, சாய்ந்து கிடக்கப் போகிறதா, படுத்துக் கிடக்கப் போகிறதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதிலிருந்து பின்துணி எது என்பது வரும். அப்புறம்தான் வேலைச் சட்டம். பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. பட்டறையில் ஏற்கெனவே ஓர் உருளைச் சட்டம் இருக்கிறது, அதனால் துணி அதில் ஏறுகிறது. அதில் ஏறியதால் லினன் பின்துணி வருகிறது. லினன் வந்ததால் தொங்கவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. இந்தக் கொடியின் வரலாற்றைப் பார்த்தால் வரிசை ஏன் முக்கியம் என்று விளங்கும்.

கொடியும் அதன் தாங்கிகளும்

1813இல் பால்டிமோர் நகரத்துக் கொடித் தையல்காரர் மேரி பிக்கர்ஸ்கில் மெக்ஹென்றி கோட்டைக்காக இதைத் தைத்துக் கொடுத்தார். அப்போது 30 அடி அகலம், 42 அடி நீளம். பட்டைகள் மெல்லிய கம்பளி, நட்சத்திரங்கள் பருத்தி. வீட்டில் இடம் போதாமல் பக்கத்தில் இருந்த ஒரு மது ஆலையின் தரையில் விரித்துத்தான் துண்டுகளை இணைத்தார்கள். இந்த அளவு துணியைக் கையாள வேண்டுமென்றால் முதலில் தேடுவது தட்டையான பெரிய பரப்பைத்தான். அது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

1814 செப்டம்பரில் கோட்டையின் மேல் பறந்த பிறகு, கோட்டைத் தளபதி ஆர்மிஸ்டெட்டின் குடும்பத்திடம் கொடி இருந்தது. நினைவுப்பொருளாகத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்ததில் பறக்கும் ஓரத்தில் ஏறத்தாழ 8 அடி போய்விட்டது. ஒரு நட்சத்திரமும் போனது. இன்று 30 அடிக்கு 34 அடி, அதாவது சுமார் 9.1 மீட்டருக்கு 10.4 மீட்டர்.

1873இல் ஜார்ஜ் பிரெபிள் என்ற கடற்படை அதிகாரி அதைப் புகைப்படம் எடுப்பதற்காகக் கனமான கித்தான் துணியோடு சேர்த்துத் தைக்க வைத்தார். 1914இல் ஃபௌலர் அந்தக் கித்தானை அகற்றிவிட்டு லினன் வைத்தார். அப்போது கொடி இருந்த கட்டடத்தில் அதை முழுவதும் விரிக்க இடமில்லை; மடித்துத்தான் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். 1964இல் புதிய அருங்காட்சியகம் திறந்தபோது, முதல்முறையாக அது பெரிய கூடத்தில் முழு அளவில் செங்குத்தாகத் தொங்கியது. 1998 டிசம்பரில் கீழே இறக்கும்வரை அப்படியேதான் இருந்தது.

கொடி என்பது ஓர் ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிடத்தானே செய்யப்பட்டது, அதைத் தொங்கவிட்டால் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புதுக் கம்பளி இழைக்கு நல்ல நீட்சி உண்டு. அறுவதற்கு முன் 25 சதவீதத்துக்கு மேல் நீளும். காற்று அடித்தால் நீண்டு, நின்றால் சுருங்கிக்கொள்ளும். நூற்றைம்பது ஆண்டு வெளிச்சமும் தூசியும் பட்ட கம்பளியிடம் அந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது. வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. தொங்கும் துணியில் மேல் ஓரத்து இழை கீழே உள்ள முழு எடையையும் சுமக்கிறது. எங்கே ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதோ, அதன் இரு பக்கத்து இழைகளும் அந்த ஓட்டையின் பங்கையும் சேர்த்துச் சுமக்கின்றன. கிழிசல் பக்கவாட்டில் பெரிதாவது இதனால்தான்.

இங்கே லினனின் குணத்தையும் பார்க்க வேண்டும். ஆளி நார் அறுவதற்கு முன் 2 அல்லது 3 சதவீதம்தான் நீளும். அதனால் தொங்கும் துணிக்குப் பின்னால் லினன் வைத்தால் சுமை முதலில் லினன் மேல் விழும். தொங்கவிடத்தான் போகிறோம் என்றால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் லினன் ஈரப்பதத்துக்கு ஏற்ப ஒரு மாதிரி அசையும், கம்பளி வேறு மாதிரி அசையும். நெருக்கமான தையல் வலையால் இரண்டையும் கட்டிப்போட்டால் கம்பளிக்கு நகர வழி இல்லை. அதோடு லினனின் எடையும் சேர்கிறது. கீழே இறக்கியபோது அந்த லினன் அழுக்கேறிப் போயிருந்தது. அதைக் கழற்றியதும் 1873 முதல் பின்துணிகளால் மறைந்திருந்த பக்கம் வெளியே தெரிந்தது. நிறம் முன்பக்கத்தைவிட நன்றாகவே நின்றிருந்தது.

உருளையா, மேசையா

1999இல் வேலை தொடங்கியபோது அருங்காட்சியகத்துக்குள்ளேயே தனி ஆய்வகம் கட்டினார்கள். கொடியை முழுவதும் தட்டையாக விரித்து, அதன் மேல் தண்டவாளத்தில் நகரும் ஒரு பாலத்தை வைத்தார்கள். வல்லுநர்கள் அந்தப் பாலத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே கையை நீட்டித் தையல்களை வெட்டினார்கள், அழுக்கை ஸ்பாஞ்சுத் துண்டுகளால் ஒற்றி எடுத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்து பார்வையாளர்கள் அதைப் பார்க்க முடிந்தது.

உருளைச் சட்டம் ஏன் இங்கே பொருந்தாது? துணியை இரண்டு உருளைகளில் சுற்றி, நடுவில் தெரியும் பட்டையில் மட்டும் வேலை செய்து, முடிந்ததும் சுருட்டி அடுத்த பட்டைக்குப் போவது உருளைச் சட்டத்தின் முறை. அகலம் கூடினால் இதன் முதல் எதிரி உருளையின் தொய்வு. இரண்டு முனைகளில் தாங்கிய ஒரு தண்டு நடுவில் தொய்யும் அளவு, நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். நீளம் இரட்டித்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் அதே சுமை என்றாலும், தொய்வு 16 மடங்கு.

எண்ணில் பார்ப்போம். 4.4 மீட்டர் நீள உருளை ஒன்றில் லினனோடு சேர்த்து 30 கிலோ துணி சுற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரக் கழி என்றால், தன் எடையும் சேர்ந்து நடுவில் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் தொய்யும். 3 மில்லிமீட்டர் சுவருள்ள 100 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய் என்றால் சுமார் 6 மில்லிமீட்டர். அதே சுவர்க் கனத்தில் விட்டத்தை மட்டும் 200 ஆக்கினால் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. குழாயின் எடை இரு மடங்குதான் கூடுகிறது, விறைப்போ எட்டு மடங்குக்கு மேல். பணம் செலவழிக்க வேண்டிய இடம் விட்டம்தான், கனமான சுவர் இல்லை. விட்டம் பெரிதானால் பழந்துணி கூர்மையாக வளையாமல் சுற்றும் என்பது கூடுதல் லாபம்.

இப்போது அதே 200 மில்லிமீட்டர் குழாயைக் கொடிக்காக 9.5 மீட்டருக்கு நீட்டிப் பாருங்கள். துணியே ஏற்றாமல், தன் எடையால் மட்டும் 8 மில்லிமீட்டர் தொய்கிறது. இன்னும் பெரிய குழாய் போடலாம், கார்பன் இழைக் குழாய் போடலாம், பொறியியலில் வழி உண்டு. ஆனால் இந்தத் துணியில் பழைய பின்துணியைக் கழற்ற வேண்டும். பாதி கழற்றிய நிலையில் சுருட்டினால், பின்துணி உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் உருளையில் வேறு வேறு கனத்தில் சுற்றும். இடையில் சுருக்கம் விழும். தனியாக நிற்க முடியாத கம்பளியை இழுவிசையில் பிடிக்கவும் முடியாது. தட்டையான மேசையும் நகரும் பாலமும்தான் சரி என்பது என் கருத்து. பாலமும் தொய்யும்தான், ஆனால் அதன் சுமை கொடி மேல் விழாது.

மேசைக்கும் ஒரு விலை உண்டு. கீழே கை போகாது. உருளைச் சட்டத்தில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று ஊசியைச் செங்குத்தாக இறக்கி ஏற்றலாம். மேசையில் வளைந்த ஊசியால் மேலிருந்தே எடுத்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் துணி கொஞ்சம் தூக்கப்படும். அடர்த்தியாகத் தைக்க வேண்டிய துணிக்கு இது ஆகாது.

உருளைச் சட்டம் சரியான விடையாகும் இடம்

இங்கிலாந்தில் ஹார்ட்விக் மாளிகையின் நீண்ட கூடத்தில் விவிலியத்தின் கிதியோன் கதையைச் சொல்லும் 13 டேப்பஸ்ட்ரிகள் (படம் நெய்த சுவர்த் துணிகள்) தொங்குகின்றன. 1578இல் சர் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக நெய்யப்பட்டவை; 1592இல் ஹார்ட்விக் சீமாட்டி பெஸ் வாங்கினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம், எல்லாம் சேர்ந்து 70 மீட்டருக்கு மேல் நீளம். நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அவற்றைப் பாதுகாக்க எடுத்துக்கொண்ட வேலை 24 ஆண்டுகள் நடந்து 2023இல் முடிந்தது. பெல்ஜியத்தின் மெக்லன் நகரத்தில் உள்ள டி விட் பட்டறையில் கழுவினார்கள், அப்புறம் இங்கிலாந்தில் லினன் மேல் வைத்துத் தைத்தார்கள். ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இந்தத் துணிகள் திரும்பவும் அதே சுவரில் செங்குத்தாகத் தொங்கத்தான் வேண்டும். அந்தக் கூடமும் அந்தத் துணிகளும் ஒன்றுக்கொன்று உரியவை. எனவே கேள்வியின் முதல் பாதி முடிவாகிவிட்டது. டேப்பஸ்ட்ரியில் இன்னொரு சிக்கல் உண்டு: பெரும்பாலும் அதைப் பக்கவாட்டில் நெய்வார்கள். தொங்கும்போது பலமான பாவு இழைகள் கிடையாக ஓடும், எடை எல்லாம் ஊடை மேல் விழும். ஊடையில் பட்டு இருந்தால் அதுதான் முதலில் பொடியும். நிறம் மாறும் இடங்களில் நெசவாளர் விட்ட பிளவுகள் வாய் திறக்கும். ஆகவே எடையைத் தாங்க நீளாத லினன் வேண்டும், அதில் அடர்த்தியாகத் தைக்க வேண்டும். அதற்குக் கீழே கை போக வேண்டும். உருளைச் சட்டம் இப்படித்தான் தேர்வாகிறது.

அதிலும் இரண்டு உருளையா மூன்றா என்ற தேர்வு உண்டு. இரண்டு உருளையில் லினனும் பழந்துணியும் ஒன்றாகச் சுற்றும், இரண்டுக்கும் ஒரே இழுவிசை. மூன்றாவது உருளை இருந்தால் லினன் இரண்டில் தனியாக இறுகும், பழந்துணி மூன்றாவதிலிருந்து வந்து லினன் மேல் தளர்வாகப் படுக்கும். பழந்துணி எதையும் சுமக்க வேண்டியதில்லை. பெரிய டேப்பஸ்ட்ரிக்கு மூன்று உருளையைத்தான் நான் சொல்வேன். இடமும் செலவும் கூடினாலும் சரி.

பலர் கவனிக்காத ஒரு பாகம் உருளையைப் பூட்டும் பல்சக்கரம். 24 பல் உள்ள சக்கரத்தை 200 மில்லிமீட்டர் உருளையில் வைத்தால், உருளையின் சுற்றளவு 628 மில்லிமீட்டர், எனவே ஒரு பல் நகர்ந்தால் துணி 26 மில்லிமீட்டர் நகரும். இழுவிசையை ஒரு சொடுக்கில் 26 மில்லிமீட்டர் மாற்றுவது என்பது ஒன்று தொளதொளவென்று விடுவது, இல்லையென்றால் கிழியும் அளவு இறுக்குவது. இடைநிலை கிடையாது. தொய்வைக் குறைக்க உருளையைப் பெரிதாக்கியவர் பூட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். புழுப்பல்லிணை (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) வைத்தால் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாலும் உருளை கொஞ்சமே நகரும், விட்ட இடத்தில் நிற்கும். சட்டம் செய்து தரும் பட்டறையிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்; பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இழுவிசை

லினனை எவ்வளவு இறுக்குவது? கையைத் தட்டையாக வைத்து மெதுவாக அழுத்தினால் உள்ளே இறங்கி, எடுத்தால் திரும்ப வர வேண்டும். தட்டினால் மத்தள ஒலி வந்தால் மிஞ்சிவிட்டது. மிஞ்சிய இறுக்கத்தில் தைத்தால் அந்த நேரத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சட்டத்திலிருந்து கழற்றியதும் லினன் தன் நீளத்துக்குச் சுருங்கும், மேலே உள்ள பழந்துணிக்கு இடம் போதாமல் தையல்களுக்கு நடுவே சிறு சிறு புடைப்பாக எழும்பும். தளர்வாகத் தைத்தாலும் ஆபத்துதான்: தொங்கவிட்டதும் லினன் நீண்டு சமநிலைக்கு வரும்வரை எடையைப் பழந்துணி சுமக்கும். எந்தப் பக்கம் தவறினாலும் திருத்த ஒரே வழி தையலைப் பிரிப்பதுதான்.

உருளை தொய்ந்தால் ஏன் இவ்வளவு கவலை என்பதும் இங்கேதான் தெரியும். துணியின் இழுவிசையே உருளைகளை நடுவில் ஒன்றை நோக்கி ஒன்று வளைக்கும். ஓரங்கள் இறுகும், நடு தளரும். ஒரே துணியில் இரண்டு பிழையும் சேர்ந்து தைக்கப்படும். அதைச் சரிசெய்ய நடுவில் இன்னும் இறுக்கினால் ஓரம் போகும்.

லினனை ஏற்றுவதற்கு முன் நன்றாகக் கழுவிக் கஞ்சியை எடுத்துச் சுருக்கிவிட வேண்டும். அறையின் ஈரப்பதம் ஏறி இறங்கினால் காலையில் ஓர் இறுக்கம், மாலையில் ஓர் இறுக்கம் என்று இருக்கும். எனவே ஊசி எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் கையை வைத்துப் பார்ப்பது வேலையின் பகுதி. நாள் முடிந்ததும் ஒரு சிறிது தளர்த்திவிடுவது நல்லது.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. மரத்திலிருந்து அமில ஆவி வரும், எனவே அலுமினியம் மேல். மரம்தான் கிடைக்கும் என்றால் துணிக்கும் அதற்கும் நடுவே ஆவி புகாத தடுப்புப் படலம் வேண்டும். உருளைக்கு மெத்தை சுற்றப் பாலியெஸ்டர் பஞ்சும், மேலே கழுவிய பருத்தித் துணியும் போதும். கம்பளி நமுதாவை (நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் துணி) வைக்காதீர்கள், அதிலிருந்து கந்தகச் சேர்மங்கள் வெளியேறும். லினனை உருளையோடு இணைக்க வெல்க்ரோ வசதியானது.

பத்து டிகிரி

கொடிக்குத் திரும்புவோம். புதிய பின்துணியாக அதற்கு வைத்தது ஸ்டேபில்டெக்ஸ் என்ற மிக மெல்லிய, ஊடே பார்க்கக்கூடிய பாலியெஸ்டர் துணி. இவ்வளவு மெல்லிய துணி போதும் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? கொடி இனி தொங்கப் போவதில்லை என்ற முடிவிலிருந்துதான் என்று நான் வாசிக்கிறேன். 2008 நவம்பரிலிருந்து அது 10 டிகிரி சாய்வான மேசையில், மங்கிய ஒளியில், காலநிலை கட்டுப்படுத்திய அறையில் இருக்கிறது.

10 டிகிரியில் எடையின் 17 சதவீதம்தான் சரிவின் போக்கில் இழுக்கும். கிட்டத்தட்ட முழு எடையையும் மேசை நேராகத் தாங்கிக்கொள்ளும். அந்த 17 சதவீதத்தையும் துணிக்கும் துணிக்கும் இடையிலான உராய்வே பிடித்துக்கொள்ளும்: 10 டிகிரியில் வழுக்காமல் நிற்க உராய்வுக் கெழு 0.18 இருந்தால் போதும், துணி மூடிய பரப்புகளில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேல் ஓரத்து இழை எதையும் சுமப்பதில்லை. சாய்வை 30 டிகிரி ஆக்கினால் பாதி எடை சரிவில் இழுக்கும், உராய்வை மட்டும் நம்ப முடியாது. சில டிகிரி கூட்டுவதால் பார்ப்பவருக்குக் கொஞ்சம் நன்றாகத் தெரியும், துணிக்கோ நிலைமையே மாறிவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை இடம். 10.4 மீட்டர் நீளத் துணி 10 டிகிரியில் தரையில் 10.2 மீட்டரைப் பிடிக்கும். செங்குத்தாகத் தொங்கினால் ஒரு சுவர் போதும். தூரத்து ஓரம் பார்ப்பவருக்குக் குறுகித் தெரியும். எல்லா அருங்காட்சியகத்துக்கும் இது முடியாது. முடியாது என்றால் அதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, தொங்கும் துணிக்கு ஏற்ற பின்துணியைத் திட்டமிட வேண்டும். மெல்லிய பின்துணி வைத்த துணியைப் பின்னாளில் யாரோ சுவரில் மாட்டிவிடும் நிலைதான் எல்லாவற்றிலும் மோசமானது.

பிரான்சில் பேயோ சித்திரத்துணிக்கு இப்போது நடப்பதும் இதே கணக்குத்தான். 68 மீட்டருக்கு மேல் நீளம், உயரம் அரை மீட்டர் அளவு. 1983 முதல் தண்டவாளம் ஒன்றிலிருந்து செங்குத்தாகத் தொங்கியது. 2020இல் செய்த நிலை ஆய்வில் 24,204 கறைகள், 16,445 சுருக்கங்கள், துணியிலோ பூத்தையலிலோ 9,646 இழப்புகள், நிலைப்படுத்தாத 30 கிழிசல்கள் பதிவாயின. உயரம் அரை மீட்டர்தானே, எடை என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் பின்னால் இணைத்த துணிகளின் எடையும் அதோடு தொங்குகிறது, இத்தனை நீளத்தில் பிடிமானம் எங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பிடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் துணி தொய்ந்தால் சுருக்கம் அங்கேதான் தங்கும். புதிய அருங்காட்சியகத்தில் அதைச் சாய்வான தாங்கியில் முழு நீளத்துக்கும் படுக்க வைப்பது திட்டம். அது நிறைவேறினால் பழைய பின்துணிகள் சுமக்க வேண்டிய எடை குறையும். அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றுவது என்று அப்போதுதான் நிதானமாகக் கேட்க முடியும்.